பொன்னழகு அக்காவின் பன்னிரண்டு நிமிடங்கள்

காரைக்குடிக்குக் குடிவந்த முதல் ஐந்து மாதம் எங்களுக்கு என்று ஒரு முகவரி இருந்தது. ஆனால் அந்த முகவரியில் நாங்கள் குடியிருக்கவில்லை. இதைச் சொல்லாமல் பொன்னழகு அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. அவரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் சத்தியப்பிரியா. அம்பத்தூரில் பிறந்து அம்பத்தூரிலேயே வாக்கப்பட்டவள். மருந்தாளுநர் படிப்பு முடித்து, பதினான்கு வருடம் தனியார் மருந்துக்கடைகளில் நின்றேன். நின்றேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. முப்பத்தெட்டு வயதில், இனி எங்கே என்று ஆசையை மூட்டை கட்டி வைத்த பிறகு, அரசு வேலை வந்தது. கொத்தமங்கலம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். காரைக்குடியில் வீடு பிடித்தால் பஸ்ஸில் போய்வரலாம்.

என் கணவர் கார்த்திக்குக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. அவரால் கிளம்ப முடியாது. ஷிப்டுக்குப் போகிறவரிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு வரவும் முடியாது. அதனால் ஏழாவது படிக்கிற முகிலனையும் இரண்டாவது படிக்கிற அமுதினியையும் கூட்டிக்கொண்டு நான் வருவது, அவர் மாதம் இரண்டு முறை ரயிலேறி வந்து பார்த்துவிட்டுப் போவது என்று பேசி முடித்தோம். முடிக்கும்போது அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"பாரு சத்யா, பசங்களுக்கு அந்த ஊர் ஒத்துக்கலைன்னா வேலைய விட்டுட்டு வந்துடணும். அப்போ நீ அழக்கூடாது, நானும் சண்டை போட மாட்டேன்."

சரி என்று தலையாட்டினேன். பதினான்கு வருடம் நின்று வாங்கிய வேலை, இரண்டு பிள்ளைகளின் முகத்தை நம்பி இருந்தது. அவர்கள் முகம் சுளித்தால் போயிற்று.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளை வெளியூர்க்காரர்கள் படத்தில் பார்த்திருப்பார்கள். படத்தில் தெரியாத ஒரு சங்கதி உண்டு. அந்த வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முன்வாசல் மேலத்தெருவில், பின்வாசல் ஊருணித் தெருவில். நடுவே முகப்பு, நடுமுற்றம் உள்ள வளவு, இரண்டாம் கட்டு என்று ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நாங்கள் வாடகைக்கு எடுத்தது கடைசிப் பெட்டி. அந்தக் காலத்தில் கல்யாணத்துக்குச் சமைத்த பின்கட்டு. அடுப்படியை இரண்டு அறையாகத் தடுத்து, குளியலறை கட்டி, வாடகைக்கு விட்டிருந்தார்கள். நாங்கள் போக வர வழி ஊருணித் தெருவில். கதவு எண், தெருப் பெயர், வாடகைப் பத்திரம் எல்லாம் மேலத்தெருவில். பின்வாசலுக்கு எண்ணே கிடையாது.

நடுவில் இருந்த கதவுகள் எல்லாம் பூட்டு. முன்வாசலில் மூன்று பூட்டு.

ஆகவே எங்களுக்கு வந்த எதுவும் எங்களுக்கு வரவில்லை. கூரியர் பையன் மேலத்தெருவில் நின்று கதவைத் தட்டிவிட்டு, ஆள் இல்லை என்று எழுதிவிட்டுப் போனான். போனில் உள்ள மேப் கூசாமல் எல்லோரையும் மேலத்தெருவுக்கே அனுப்பியது. ஆசையாகச் சொன்ன பிரியாணி முன்வாசல் படியில் ஆறியது. தெரு இரண்டும் அடுத்தடுத்துத்தான், ஆனால் இடையில் சந்து கிடையாது. வீட்டோடு வீடு ஒட்டிக் கட்டியிருப்பதால் தெருமுனை வரை போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். கால் கிலோமீட்டருக்குக் குறையாது.

முதல் வாரமே காஸ் சிலிண்டரை மேலத்தெருப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றுதான் பொன்னழகு அக்காவோடு என் முதல் சண்டை.

அவர்தான் அந்த வீட்டின் காவல். ஒல்லியான உடம்பு, நாற்பத்தெட்டு வயது, இடுப்பில் ஒரு கை அளவு சாவிக்கொத்து. எங்கள் அறைகளுக்கு அடுத்து, உள்பக்கமாக ஒரு சின்ன அறையில் இருந்தார். தினமும் காலையில் கதவு கதவாகத் திறந்துகொண்டு போய், ஆள் இல்லாத வீட்டைப் பெருக்கி, சாமி அறையில் விளக்கேற்றி, திரும்பவும் கதவு கதவாகப் பூட்டிக்கொண்டு வருவார்.

"அக்கா, அஞ்சு நிமிஷம் முன்வாசலைத் திறங்க. சிலிண்டரை உள்ளயே உருட்டிட்டு வந்துடறேன்," என்றேன்.

"அது வழக்கம் இல்லீங்க நர்சம்மா."

"நான் நர்ஸ் இல்ல, பார்மசிஸ்ட். வாடகை குடுக்கிறேன்ல?"

"வாடகை பின்கட்டுக்குத் தாரீக. முன்வாசல் வீட்டுக்கார ஆச்சி சொல்லாமத் தொறக்கக்கூடாது."

பேச்சு அதோடு சரி. கூடவே வந்து மேலத்தெருவில் சிலிண்டரின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். ஊருணித் தெரு வரை இருவரும் தூக்கிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே வந்தார். மூன்று பேர் சாப்பிடுகிற வீட்டுக்கு ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்று இடையில் அக்கறையாக விசாரித்தார். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதன்பிறகு கூரியர் திரும்பிப் போன ஒவ்வொரு நாளும் அவர் காதுபட ஏதாவது சொல்லுவேன். வீட்டுக்குள் அவருக்குப் பூட்டக்கா என்று பெயரே வைத்துவிட்டேன். பிள்ளைகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அமுதினி ஒருநாள் அவரையே "பூட்டக்கா" என்று கூப்பிட்டுவிட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அவர் கதையை எனக்குச் சொன்னது அவர் இல்லை. அமுதினியைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் ஆட்டோக்காரர் அஸ்பாக் சொன்னார். பொன்னழகு அக்கா கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்க்காரர். சின்ன வயதில் நாற்று நட்டு, கதிர் அறுத்து வளர்ந்தவர். கணவர் கருத்தையா கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலில் மாஸ்டர். கல்யாணமானதும் அங்கே போய், மகளும் மகனும் பிறந்து, நன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள். மஞ்சள் காமாலையில் கருத்தையா போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. இரண்டு பிள்ளைகளையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவர், சொந்த ஊரில் இறங்காமல் காரைக்குடியில் இறங்கினார்.

ஏன் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "ஊருல எறங்கிருந்தா அதுகளும் வயக்காட்டுக்குத்தான் போயிருக்கும். இங்கன பள்ளிக்கூடம் நடக்குற தூரத்துல இருக்கு, அதான்," என்றார். புது ஊருக்குப் பிள்ளைகளோடு வருவது என்னவோ நான்தான் கண்டுபிடித்த கஷ்டம் மாதிரி ஐந்து மாதமும் அவரிடம் புலம்பியிருக்கிறேன். ஒருநாள்கூட அவர் தன் கதையை எடுத்து என் கதைக்குப் பக்கத்தில் வைத்ததில்லை.

அப்போது அந்த வீட்டுக்குக் காவலாக இருந்தவர் அவருடைய சித்தப்பா சின்னச்சாமி. அவருக்குக் கூடமாட வேலை செய்துகொண்டு, அந்தச் சின்ன அறையிலேயே பிள்ளைகளை வளர்த்திருக்கிறார் அக்கா. மகள் பாண்டீஸ்வரி இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். மகன் குவைத்தில் ஏசி மெக்கானிக்.

சின்னச்சாமி வேலையிழந்த கதையைச் சொல்லும்போது அஸ்பாக் ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு முன்பே ஜோடியாகப் போட்டோ எடுத்துக்கொள்கிற கூட்டம் ஒன்று வந்து சித்தப்பாவைத் தாஜா செய்திருக்கிறது. அவரும் ஒரு மணி நேரம்தானே என்று முன்வாசலைத் திறந்துவிட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் வளவில் கை கோத்து நின்ற படம் இன்ஸ்டாகிராமில் ஏறி, சிங்கப்பூரில் இருக்கிற ஒரு பங்காளியின் கண்ணில் பட்டுவிட்டது. வீடு ஏழு பங்காளிகளுக்குப் பொது. ஒருவருக்குச் சொல்லி இன்னொருவருக்குச் சொல்லாமல் முன்வாசல் திறந்தால், நீயா நானா என்று பெரிய தகராறாகிவிடும். சித்தப்பா மறுவாரமே சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். ஒரு வருடத்தில் கவலையிலேயே போய்விட்டாராம். சாவி பொன்னழகு அக்காவிடம் வந்தது. சென்னையில் இருக்கும் மீனலோசனி ஆச்சியிடம் கேட்டு, ஆச்சி மற்ற ஆறு பேரிடமும் சொன்ன பிறகுதான் முன்வாசலில் சாவி போட வேண்டும். மீறினால் சித்தப்பாவுக்கு ஆனதுதான். வாசலுக்கு ஒரு கேமராவும் வந்தது. அங்கே ஈ பறந்தால் சிங்கப்பூரில் போன் கிணுங்கும்.

கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு கதவுக்கு இத்தனை பாடா என்றேன். அந்த வேலை போனால் அக்காவுக்குப் போக ஒரு வீடு கிடையாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. காலையிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. அஸ்பாக் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு இளையான்குடி போக வேண்டியிருந்ததால், பாண்டிமுருகன் என்கிற வேறு ஆட்டோக்காரரைப் பேசிவிட்டிருந்தார். காலையில் பள்ளிக்கு நானே கொண்டுபோய் விட்டேன். மாலையில் பாண்டிமுருகன் என்ன செய்வார் பாவம், அமுதினியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். அதில் மேலத்தெரு முகவரி இருந்தது. மேலத்தெருவில், சரியான கதவு எண்ணுக்கு முன்னால், பிள்ளையைப் பத்திரமாக இறக்கிவிட்டு, "உள்ள போ பாப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையை விடப் போய்விட்டார்.

நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முகிலன் போன் செய்தான். "அம்மா, பாப்பா இன்னும் வரல."

அஸ்பாக்குக்குப் போட்டேன். அவர் பாண்டிமுருகனுக்குப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அப்பவே வீட்டு வாசல்ல எறக்கிவிட்டுட்டானாம்மா. இவன் பாத்துக்கிட்டே இருக்க, பிள்ளை படியேறிச்சாம்."

வீட்டு வாசலில் இறக்கிவிட்ட பிள்ளை வீட்டில் இல்லை.  முகிலன் ஊருணித் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நனைந்துகொண்டே ஓடினான். முன்வாசல் என்று ஒன்று இருப்பது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. ஐந்து மாதம் திட்டித் திட்டி, அந்த வாசலே இல்லாதது போல வாழப் பழகியிருந்தோம். பொன்னழகு அக்காவுக்குப் போட்டேன். எங்கேஜ்டு. திரும்பப் போட்டேன். எங்கேஜ்டு. யாரோடு இவ்வளவு நேரம் பேச்சு என்று பல்லைக் கடித்தேன். அடுத்து, பதற்றத்தில் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். கார்த்திக்குக்குப் போட்டு அழுதேன்.

அவர் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அப்புறம், "போதும் சத்யா" என்றார். "கிடைச்சதும் சொல்லு. இந்த வாரத்தோட அந்த ஊர் போதும்."

பத்து நிமிடம் போயிருக்கும். பஸ் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டு முடித்திருந்தேன். முகிலன் போன் வந்தது.

"அம்மா, பாப்பா வந்துட்டா. வீட்டுக்குள்ளேர்ந்து வந்தா."

"உள்ளேர்ந்தா? எப்படிடா?"

"அந்தப் பூட்டின கதவு இருக்குல்ல, அது திறந்துச்சு. அக்கா கூட்டிட்டு வந்தாங்க."

வீட்டுக்கு வந்தபோது அமுதினி தலை துவட்டி, அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, காபித் தம்ளரில் பிஸ்கட் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். கட்டிக்கொண்டேன். முதுகில் ஓர் அடியும் போட்டேன். அவள் ஒன்றும் அழவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள். கதவைத் தட்டினாளாம். ரொம்ப நேரம் தட்டினாளாம். மழைக்கு எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க முகப்புப் பக்கம் வந்த அக்கா சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்து, "இருத்தா, இந்தா வந்துர்றேன்" என்றாராம். அப்புறம் உள்ளே நின்று போன் போட்டுக்கொண்டே இருந்தாராம். "அப்புறமா கதவத் திறந்தாங்கம்மா. உள்ள எவ்ளோ பெரிய வீடு தெரியுமா!"

மற்றதெல்லாம் என் காதில் ஏறவில்லை. போன் போட்டுக்கொண்டே இருந்தார் என்பது மட்டும் ஏறியது. கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்துக் கத்தினேன். "பிள்ளை மழையில நிக்குது, நீங்க போன் பேசிட்டு இருந்தீங்களா? கதவைத் திறக்க உங்களுக்கு உத்தரவு வேணுமா? என்ன மனுஷங்கக்கா நீங்க?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது.  அவர் ஈரப் புடவையோடு அப்படியே நின்று கேட்டுக்கொண்டார். போகும்போது, "பாப்பாவுக்கு மெளகு ரசம் வச்சுக் குடுங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு கார்த்திக்கிடமிருந்து ஒரு படம் வந்தது. ஞாயிறு விடியற்காலை ரயிலுக்கு நான்கு டிக்கெட். கீழே ஒரு வரி. வெள்ளிக்கிழமை வருகிறேன், மேலதிகாரிக்கு ராஜினாமாக் கடிதம் எழுதி வை. பேசி வைத்தபடி நான் அழவில்லை.

வியாழக்கிழமை மாலை வேலையிலிருந்து வந்தபோது முகிலன் வாசலிலேயே நின்றான். "அம்மா, அக்கா துணியெல்லாம் பெட்டியில எடுத்து வைக்கிறாங்க. எங்கயோ போறாங்களாம்."

எட்டிப் பார்த்தேன். கட்டிலில் டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கக்கா கிளம்புறீங்க?"

"இன்னும் சொல்லல நர்சம்மா. சொல்லுவாக. நேத்தே சிங்கப்பூர்லருந்து குரூப்புல கேட்டுட்டாக, முன்வாசலத் தொறந்தது யாருன்னு. பங்காளிக எல்லாரும் கேக்குறாக. ஆச்சிதான் இன்னும் பேசல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று நான் கத்திய அந்தப் பெண், என் பிள்ளைக்காகத் தன் குடியிருப்பையே பணயம் வைத்துக் கதவைத் திறந்திருக்கிறார். எங்கேஜ்டாக இருந்த போனும் புரிந்தது. நான் அழைத்தபோதெல்லாம் அவர் ஆச்சியை அழைத்துக்கொண்டிருந்தார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஊர்ப்பட்ட பேச்சுப் பேசுகிற வாய், அதற்கு மட்டும் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அக்கா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"பொன்னழகு, நான் மீனலோசனி பேசுறேன்."

"சொல்லுங்க ஆச்சி." எழுந்து நின்றுகொண்டார்.

"கேமராவுல பாத்தேன். அந்தப் பிள்ளை நாலு நாப்பத்தொண்ணுக்கு வந்து நிக்கிது. நீ நாலு அம்பத்திமூணுக்குக் கதவைத் தொறக்குறே. சரியா?"

"சரிதான் ஆச்சி. தப்புத்தான்."

"பன்னெண்டு நிமிசம். சாரல் அடிக்குது, பிள்ளை சுவரோட ஒட்டி நிக்கிது. பன்னெண்டு நிமிசம் என்ன செஞ்சே?"

அக்கா போனை வாய்ப்பக்கம் கொண்டுபோனார். "உங்களுக்குத்தான் ஆச்சி போன் போட்டேன். ஏழு வாட்டி போட்டேன். நீங்க எடுக்கல. சுத்திப் போகலாம்னா முக்குல முழங்கால் தண்ணி. அப்புறந்தான் தொறந்தேன். கதவு மழையில ஊறிப்போயி லேசுல வரல..."

"நான் பல் ஆசுபத்திரியில இருந்தேன். எடுக்கல. எடுக்காட்டி?"

அக்கா திறந்திருந்த பெட்டியையே பார்த்தார்.

"நீயும் ரெண்டு பிள்ளை பெத்தவதானே. ஏழு வாட்டி எதுக்குப் போடணும்? மொதத் தடவையே தொறக்க வேணாமா?"

முந்தின நாள் நான் கேட்ட அதே கேள்வி.  பொறுக்கமுடியாமல் போனைப் பக்கம் இழுத்துக்கொண்டேன். "ஆச்சி, நான் அந்தப் பிள்ளையோட அம்மா பேசறேன். அவங்களைத் திட்டாதீங்க. அவங்க திறக்கலைன்னா என் பொண்ணு அங்கிருந்து நடக்க ஆரம்பிச்சிருப்பா. வழி தெரியாத பிள்ளை, மழையில எங்க போயிருப்பாளோ தெரியாது. அவங்க நல்லா இருக்கணும். அவங்களுக்கு வேலை போச்சுன்னா நான் உங்க வீட்டு முன்வாசல்லயே வந்து உக்காந்துடுவேன்."



"யாரு வேலை போகுதுன்னு சொன்னது?" என்றார் ஆச்சி. "பங்காளிகளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். பொன்னழகு, இனிமே பிள்ளைகுட்டி, உசிரு, ஆபத்துன்னா என்னையக் கேக்காதே. தொறந்துட்டுச் சொல்லு, போதும். நீங்க ஒண்ணு செய்யுங்கம்மா, பிள்ளை அட்டையில ஊருணித் தெருன்னு மாத்தி எழுதுங்க."

போனை வைத்ததும் அக்கா பெட்டியிலிருந்த புடவைகளை வெளியே எடுக்கத் தொடங்கினார். நான் எடுத்துக் கொடுத்தேன். அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் வேலை தப்பியது, என் வேலை இன்னும் தப்பவில்லை என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு சின்ன மனசு பாருங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு கார்த்திக் வந்து சேர்ந்தார். பையை வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். சனிக்கிழமை காலை பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்து, நாளைக்கு ஊருக்குப் போகிறோம், அங்கேயே பழைய ஸ்கூலில் சேர்ந்துவிடலாம் என்றார். முகிலன் தரையைப் பார்த்தான். அமுதினி, "எதுக்குப்பா?" என்றாள்.

"நீ தொலைஞ்சு போயிட்டேல்ல?"

"நான் எங்க தொலைஞ்சேன்? நம்ம வீட்டு வாசல்லதான நின்னேன்."

அவர் பதில் சொல்வதற்குள் பின்வாசலில் நிழல் தட்டியது. பொன்னழகு அக்கா. குளித்து, நல்ல புடவையாகக் கட்டியிருந்தார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்று கார்த்திக்கைப் பார்த்தார்.

"நீங்க வந்திருக்கீகன்னு முகிலன் சொன்னான். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "உங்க பிள்ளைய நான் பன்னெண்டு நிமிசம் வெளியில நிக்க விட்டுட்டேன் தம்பி. பாத்தவுடனே தொறந்திருக்கணும். என் பொழப்ப நெனச்சு நின்னுட்டேன். நீங்க அங்குட்டு எவ்வளவு தூரத்துல இருந்து பதறிருப்பீக. மன்னிச்சுக்கங்க."

கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் அடுப்படியில் காபித் தம்ளரோடு நின்றிருந்தேன். கேட்க வேண்டியவள் நான். கேட்டது அவர்.  தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, நீங்க ஏன்க்கா... நான்தான் உங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். என்னைத்தான் நீங்க மன்னிக்கணும்." அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

"அட, விடுங்க நர்சம்மா. பிள்ளையக் காணோம்னா யாருதான் கத்த மாட்டாக? நானா இருந்தா அடிச்சே இருப்பேன்."

கார்த்திக் எழுந்து வந்து, "உள்ள வாங்கக்கா, காபி குடிச்சுட்டுப் போங்க" என்றார்.  அவர் யாரையும் அப்படி அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அக்கா வந்து உட்கார்ந்தார். அமுதினி போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, வளவில் எத்தனை தூண் என்று கேட்க ஆரம்பித்தாள். முகிலனும் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் போனான். காலாண்டுப் பரீட்சையின்போது தினமும் மாலை நான் வரும்வரை அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாமலேயே, "அடுத்ததச் சொல்லு" என்று மிரட்டிப் படிக்க வைத்தார் என்று அப்போதுதான் அவன் அப்பாவிடம் சொன்னான். எனக்கே அது புதுச் செய்தி. நான் பூட்டைத் திட்டிக்கொண்டிருந்த நாட்களில் இந்த ஊர் என் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் எடுத்து வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இதற்கெல்லாம் நான் யாருக்கு எப்படி நன்றி சொல்லித் தீர்ப்பது?

கார்த்திக் தன் காபியைக் குடிக்காமல் போனை நோண்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. இந்த நேரத்திலுமா என்று எட்டிப் பார்த்தேன். திரையில் எங்கள் நான்கு பேர் பெயரும் இருந்தன. என் பெயருக்கும் பிள்ளைகள் பெயருக்கும் பக்கத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டு, டிக்கெட்டை ரத்து செய்துகொண்டிருந்தார்.

"என்னங்க?" என்றேன், மெதுவாக.

"ஒத்துக்கலைன்னா வந்துடுன்னுதானே சொன்னேன்," என்றார் நிமிராமலே. "இங்க ஒத்துக்காம இருந்தது நான் மட்டும்தான் போல."

ஞாயிறு விடியற்காலை அவர் மட்டும் ரயிலேறினார். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன்.